பீரோல தூங்குற சாட்டிலைட் படம், ட்ரோன் படத்தையெல்லாம் நெட் வழியா எல்லா ஆபீஸுக்கும் குடுக்கணும், எப்படி?

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம் மக்களே. நீர்நிலை சம்பந்தமான ஒரு அரசு ஆபீஸ்ல காண்ட்ராக்ட்ல ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர் மேப் வேலை) ஆளா இருக்கேன். ஊர் பேரெல்லாம் வேணாம். இங்க ஒரு பீரோ நிறைய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் கிடக்கு. ரிசோர்ஸ்சாட் சாட்டிலைட்டோட லிஸ்-4 கேமரா சீன்கள், கொஞ்சம் கார்ட்டோசாட் சாட்டிலைட் படம், போன ரெண்டு வருஷத்துல பறக்கவிட்ட ட்ரோன் ஆர்த்தோ (ஃபோட்டோக்களை ஒட்டி மேப் மாதிரி நேராக்குன படம்), ஸ்கேன் பண்ண பழைய டோபோஷீட் (சர்வே ஆஃப் இந்தியா மேப்)னு மொத்தம் 3 டிபி கிட்ட வரும்.

இப்ப எப்படி ஓடுதுன்னா, வேணும்ங்கற ஆபீஸ்காரங்க பென் டிரைவோட வருவாங்க, நான் காப்பி பண்ணி குடுப்பேன், அவங்க அதை க்யூஜிஐஎஸ்ங்கற இலவச மேப் சாஃப்ட்வேர்ல திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல விஏஓவுக்கு போடுவாங்க, அவரு சுத்தி வளைச்சு எனக்கே ஃபோன் போட்டு "தம்பி இது எந்த வருஷத்து படம்?"னு கேப்பாரு. எனக்கும் தெரியாது, ஏன்னா ஃபைல் பேரு "ஃபைனல்_நியூ_2_ஒரிஜினல்".

புதுசா வந்த ஆபீசர் எல்லாத்தையும் நெட்ல போடுங்கன்னு சொல்லிட்டாரு. மத்த டிபார்ட்மெண்ட் பாக்கணும், முடிஞ்சா ஜனங்களும் பாக்கணுமாம். ஒரு வெண்டர் கொட்டேஷன் குடுத்திருக்கான், சர்வர், சாஃப்ட்வேர் லைசென்ஸ், வருஷா வருஷம் ஏஎம்சின்னு, அந்தக் காசுக்கு ஆபீஸுக்கு புது ஜீப்பே வாங்கிடலாம். வேற வழி இருக்கா?

---

பிக்சல்பாண்டி எழுதியது:

அண்ணே கொட்டேஷனை மடிச்சு உள்ள வைங்க. உங்களுக்கு தேவை சிஓஜி, அதாவது கிளவுட் ஆப்டிமைஸ்ட் ஜியோடிஃப். புது ஃபார்மட்லாம் இல்ல, அதே டிஃப் தான். உள்ள சின்னச் சின்ன கட்டமா (512க்கு 512 பிக்சல்) அடுக்கி வச்சிருக்கும், கூடவே தூரத்துல இருந்து பாக்க ஓவர்வியூ (சின்னதாக்குன பிரதி), எந்த கட்டம் ஃபைல்ல எந்த இடத்துல இருக்குங்கற அட்டவணை ஃபைலோட தலையிலயே இருக்கும். க்யூஜிஐஎஸ் முதல்ல அந்த தலையை மட்டும் படிக்கும், அப்புறம் உங்க திரையில தெரியுற ஏரிக்கு எந்த கட்டம் வேணுமோ அந்த பைட்டை மட்டும் சர்வர்கிட்ட கேட்டு வாங்கும். 8 ஜிபி ஃபைலா இருந்தாலும் இறங்குறது ரெண்டு மூணு எம்பி தான்.

சர்வர் பக்கம் தனி மென்பொருள் எதுவும் வேணாம், சும்மா ஃபைலை வச்சிருக்குற ஒரு வெப் சர்வர் போதும். ஜிடால்னு ஒரு இலவச டூல், அதுல 3.1 வந்ததுல இருந்து ஒரே கமாண்டுல மாத்திடலாம். அமெரிக்கா தன்னோட லேண்ட்சாட் சாட்டிலைட் படங்கள்ல கலெக்‌ஷன் 2 மொத்தத்தையும் இப்படித்தான் குடுக்குது.

உங்க ட்ரோன் படத்துல ஒரு பிக்சல் தரையில எத்தன செமீ?

---

ஏரிக்கரை எழுதியது:

5 செமீ பாண்டி. ஆனா ஜூம் பண்ணுனா மெஷின் மூச்சு வாங்குது.

---

பிக்சல்பாண்டி எழுதியது:

வாங்கத்தான் செய்யும். கணக்கு போட்டு பாருங்க, 5 செமீன்னா ஒரு சதுர கிலோமீட்டருக்கு 40 கோடி பிக்சல், சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு பேண்டுக்கு 1.2 ஜிபி, அதுவும் ஓவர்வியூ இல்லாம. உங்களுக்கு குடுத்தவன் கம்ப்ரஷனே போடாம குடுத்திருப்பான். ட்ரோன் படம் கண்ணால பாக்கத்தானே, ஜேபெக் கம்ப்ரஷன் குவாலிட்டி 85ல போடுங்க, பத்துல ஒரு பங்கு அளவுக்கு இறங்கிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே ஒரு விஷயம், ஓரத்துல படம் இல்லாத கறுப்பு பகுதி இருக்குல்ல, அதுக்கு "நோ டேட்டா 0"ன்னு போட்டுட்டு ஜேபெக் அடிச்சீங்கன்னா ஓரம் முழுக்க அழுக்கு புள்ளி புள்ளியா வரும், ஏன்னா ஜேபெக் அந்த 0ஐ 1, 2, 3ன்னு கலைச்சு விட்டுரும். அதுக்கு மாஸ்க் பேண்ட் (எங்க படம் இருக்கு, எங்க இல்லன்னு தனியா சொல்ற அடுக்கு) வச்சு பண்ணுங்க.

லிஸ்-4க்கு மட்டும் ஜேபெக் பக்கமே போகாதீங்க. அது அளக்குற படம், மதிப்பு மாறக்கூடாது. மதிப்பை மாத்தாத கம்ப்ரஷன் தான் போடணும், டிஃப்ளேட், பிரெடிக்டர் 2.

---

வரைபடவாத்தியார் எழுதியது:

பாண்டி சொல்றது சரிதான், ஆனா வெப் சர்வர் ஒண்ணு இருந்தா போதும்னு ஒரு வரியில முடிச்சுட்டான் பாரு, அங்கதான் இடிக்குது. இந்த ஆபீஸ்கள்ல யாரு உக்காந்து பாக்குறா? பாதி பேரு ஆட்டோகேட். ஒருத்தர் பத்து வருஷத்துக்கு முந்தின ஆர்க்ஜிஐஎஸ் வச்சிருப்பாரு. அவங்களுக்கு டபிள்யூஎம்எஸ் (சர்வரே மேப் படமா வரைஞ்சு அனுப்புற முறை) தான் பழக்கம், ஒரு லிங்க்கை ஒட்டுனா படம் வரணும். 2000லயே ஓஜிசிங்கற மேப் டேட்டா தரநிலை அமைப்பு கொண்டு வந்த விஷயம் அது, இன்னைக்கும் எங்கயும் ஓடும். இஸ்ரோவோட புவன் மேப் தளத்துல கூட தீமாட்டிக் லேயர் எல்லாம் அப்படித்தானே எடுக்குறோம்.

கொஞ்சம் பழைய கதை சொல்றேன், பொறுத்துக்கோங்க. 1998ல மைக்ரோசாஃப்ட்டும் அமெரிக்க புவியியல் ஆய்வுத்துறை யுஎஸ்ஜிஎஸ்ஸும் சேந்து டெர்ராசர்வர்னு ஒண்ணு போட்டாங்க. யுஎஸ்ஜிஎஸ்ஸோட 1 மீட்டர் விமானப் படங்களை 200க்கு 200 பிக்சல் துண்டா வெட்டி எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ்ல போட்டு, சாதாரண பிரவுசர்ல காட்டுனாங்க. டேட்டாபேஸ் விஞ்ஞானி ஜிம் கிரே அதுல முக்கியமான ஆளு. தங்களோட டேட்டாபேஸ் எவ்வளவு தாங்கும்னு காட்டத்தான் மைக்ரோசாஃப்ட் இறங்குச்சு, ஆனா ஜனங்க ஏறி வந்தது தன் வீட்டு கூரையை பாக்க. திறந்த உடனே கூட்டம் தாங்காம திணறுச்சு. கூகுள் மேப்ஸ் வர்றதுக்கு ஏழு வருஷம் முன்னாடி! படத்தை முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கணும், கேக்கும்போது கேக்குற துண்டை மட்டும் குடுக்கணும்ங்கறது அப்பவே தெளிவாயிடுச்சு. சிஓஜியும் அதேதான், என்ன, துண்டெல்லாம் ஒரே ஃபைலுக்குள்ள இருக்கு.

அதனால ஃபைல் சிஓஜியாவே இருக்கட்டும். அதுக்கு முன்னால டபிள்யூஎம்எஸ் குடுக்குற ஒரு மேப்சர்வரோ ஜியோசர்வரோ ஓட விடு, ரெண்டுமே காசில்லாதது.

---

நாடோடி எழுதியது:

நான் அமெரிக்கால ஒரு கவுண்டி ஆபீஸுக்கு ஜிஐஎஸ் வேலை பாக்குறேன், இங்க நெயிப்னு விவசாயத்துறை எடுக்குற விமானப் படம் இருக்கு, 2003ல ஆரம்பிச்சது, பயிர் நிக்கிற சீசன்ல எடுப்பாங்க, முதல்ல 1 மீ, இப்ப பெரும்பாலும் 60 செமீ. விவசாயிக்கு மானியம் குடுக்க பயிர் பரப்பு சரி பாக்கத்தான் எடுக்குறது, ஆனா நாங்க ரோடு, வெள்ளம், வீட்டு வரி எல்லாத்துக்கும் அதையே தான் ஓட்டுறோம். எடுத்த டிபார்ட்மெண்ட் நினைச்சே பாத்திருக்காத வேலைக்கு தான் படம் அதிகமா உதவுது, அதுக்காகவே குடுக்கணும்.

அப்புறம் படத்தை டைல் டைலா, குட்டிக் குட்டி ஃபைலா வெட்டி ஃபோல்டர்ல போடுறேன்னு யாராவது ஐடியா குடுத்தா ஓடிருங்க ஏரிக்கரை. உங்க 5 செமீ படத்துக்கு ஜூம் 21 வரைக்குமாவது போகணும், 100 சதுர கிமீக்கு அந்த கடைசி லெவல் மட்டும் 3 லட்சம் குட்டி ஃபைல் கிட்ட வரும். அதை ஒரு ஹார்ட் டிஸ்க்ல இருந்து இன்னொண்ணுக்கு காப்பி பண்ண போட்டுட்டு நீங்க பழனிக்கு பாதயாத்திரை போயிட்டு வரலாம்.

---

கோப்புக்காரன் எழுதியது:

எல்லாரும் ஃபார்மட்டையே பேசிட்டு இருக்கீங்க. ஏரிக்கரை, நாளைக்கு ஆடிட்ல உங்களை பிடிக்கப் போறது ஃபார்மட்டுக்காக இல்ல, எந்தப் படத்தை யாருக்கு குடுத்தீங்கங்கறதுக்காக.

நீங்க சொன்ன நாலு வகையும் நாலு ஜாதி. லிஸ்-4, பிக்சல் 5.8 மீட்டர். 2023 விண்வெளிக் கொள்கைப்படி 5 மீட்டரும் அதுக்கு மேல பெரிசான பிக்சலும் கொண்ட இஸ்ரோ படம் யாருக்கும் இலவசம், தடை இல்ல. உங்ககிட்ட இருக்குறது அதுக்கு முன்னாடி காசு குடுத்து வாங்குனதுன்னா, அப்போ கையெழுத்து போட்ட பேப்பர்ல என்ன இருக்குன்னு பாத்துக்கோங்க, இல்லன்னா இஸ்ரோவோட பூநிதி போர்ட்டல்ல இருந்து புதுசா எடுத்துக்கோங்க, தலைவலி மிச்சம். கார்ட்டோசாட் 5 மீட்டருக்கு கீழ, அதனால அரசு அமைப்புகளுக்கு இலவசம், வெளியாளுக்கு விலை. ஜனங்க பாக்குற பக்கத்துல அது வரக்கூடாது, லாகின் போட்டு வைங்க.

ட்ரோன் படத்துக்கு, மத்திய அரசோட 2021 பிப்ரவரி 15 ஜியோ டேட்டா வழிகாட்டுதல். அதுக்கு முன்னாடி ஒரு மேப் வெளியிட எத்தன கதவு தட்டணும்னு வாத்தியாரைக் கேளுங்க. இப்ப முன் அனுமதி தேவையில்ல. ஆனா 1 மீட்டரை விட நுணுக்கமான டேட்டா இந்தியாவுக்குள்ள தான் இருக்கணும், இந்தியால தான் ப்ராசஸ் பண்ணணும். வெளிநாட்டு சர்வர்ல சீப்பா இடம் கிடைக்குதுன்னு பாண்டி பேச்சை கேட்டு ஏத்திடாதீங்க. அதே வழிகாட்டுதல்ல இன்னொரு வரியும் இருக்கு, பொதுப்பணத்துல உருவாக்குன ஜியோ டேட்டா, பாதுகாப்பு துறைங்க வச்சிருக்குற ரகசியத்தை தவிர, எல்லா இந்திய அமைப்புகளுக்கும் எளிதா கிடைக்கணும்னு. குடுக்க மாட்டேங்கற பக்கத்து சீட்டுக்காரரு கிட்ட அந்த வரியை பிரிண்ட் எடுத்து காட்டுங்க.

டோபோஷீட், 2005 மேப் பாலிசில ரெண்டா பிரிச்சாங்க, டிஃபென்ஸ் சீரிஸ், ஓப்பன் சீரிஸ்னு. உங்க ஸ்கேன் அதுக்கும் முந்தின பழசா இருக்கும். ஷீட் மூலையில "ரெஸ்ட்ரிக்டட்"னு அச்சடிச்சிருக்கான்னு ஒவ்வொண்ணா பாருங்க.

---

பிக்சல்பாண்டி எழுதியது:

நான் எங்கண்ணே வெளிநாட்டு சர்வர்னு சொன்னேன்? மும்பை, ஹைதராபாத்லயே கிளவுட் கம்பெனிங்களோட ரீஜன் (டேட்டா சென்டர்) இருக்கு. அது போக அரசு ஆபீஸ்னா அரசோட ஐடி அமைப்பான என்ஐசி பக்கமோ, மேக்ராஜ்ங்கற அரசு கிளவுட் திட்டப் பட்டியல்ல இருக்குற கிளவுடோ தான் போவாங்கன்னு எனக்கும் தெரியும்.

பூட்டு போடுறதுல தான் எனக்கு உடன்பாடு இல்ல. லாகின் வச்சா பாஸ்வேர்டு ஒரு பேப்பர்ல எழுதி மானிட்டர்ல ஒட்டி வச்சிருப்பாங்க, ஆறு மாசத்துல யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க, திரும்ப பென் டிரைவ் தான். கார்ட்டோசாட்டை தனியா ஓரமா வைங்க, மிச்சத்தை அகலத் திறந்து விடுங்க. ஏரி ஆக்கிரமிப்பு எங்க இருக்குன்னு ஊர்க்காரன் பாத்தா ஆபீஸுக்கு சிரமம், அதனால தான பூட்டு?

---

கோப்புக்காரன் எழுதியது:

அதனாலயும் தான். மறுக்கல. ஆனா 5 செமீ படத்துல கொல்லைப்புறத்துல குளிக்கிற ஆள் வரைக்கும் தெரியும் தம்பி. அதையும் யோசி. ஜனங்களுக்கு ஒரு பிக்சல் 25 செமீ ஆகுற அளவுக்கு நுணுக்கத்தைக் குறைச்சு ஒரு பிரதி விடலாம், ஏரிக்கரை மேடு, கலங்கு, மதகு எல்லாம் அதுலயே தெளிவா தெரியும், மூல ஃபைல் ஆபீஸ் மட்டும்.

---

பிக்சல்பாண்டி எழுதியது:

25 செமீக்கு ஒத்துக்குறேன். அதுக்கு மேல மங்கலாக்கக் கூடாது.

---

தாமரைக்குளம் எழுதியது:

ஆராய்ச்சி பக்கம் இருந்து ஒரு குரல். உங்க படங்களை கடைசியா உபயோகிக்கப் போறவங்க என்னை மாதிரி ஆளுங்க, எங்களுக்கு படத்தை விட படத்தோட ஜாதகம் முக்கியம். என்ன தேதி, எந்த சென்சார், எந்த ப்ரொஜெக்‌ஷன், என்ன ப்ராசஸிங், யாருகிட்ட கேக்கணும். இது இல்லாத படம் எனக்கு வெறும் கலர் காகிதம். போன வருஷம் ஒரு ஆபீஸ்ல இருந்து ஏரி படம் வாங்குனோம், தண்ணி நிறைய இருந்துச்சு, நிறைஞ்ச ஏரின்னு எழுதவும் ஆரம்பிச்சுட்டோம், அப்புறம் தான் தெரிஞ்சுது ரெண்டு வேற வேற மாசத்து சீனை ஒட்டி ஒரே படமாக்கி இருக்காங்க, ஒரு பாதி அக்டோபர் ஒரு பாதி பிப்ரவரி. தேதி எங்கயும் எழுதி வைக்கல.

பெரிய இடத்துலயும் இது நடக்கும், ஆனா அவங்க சொல்லிட்டு செய்வாங்க. ஐரோப்பாவோட சென்டினல்-2 சாட்டிலைட் படத்துல 2022 ஜனவரி 25ல இருந்து ப்ராசஸிங் வெர்ஷன் 04.00ன்னு மாத்துனாங்க, பிக்சல் மதிப்புல 1000 கூடிடுச்சு. அதைக் கழிக்காம 2021 படத்தையும் 2022 படத்தையும் ஒப்பிட்டா ஒரே ராத்திரில நாடு முழுக்க நிலம் வெளுத்துப்போன மாதிரி தெரியும். ஆனா மெட்டாடேட்டாலயே வெர்ஷனும் இருக்கு, கழிக்க வேண்டிய எண்ணும் இருக்கு, படிச்சவன் தப்பிச்சான். உங்க ஹார்ட் டிஸ்க்ல அந்த மாதிரி யாரு எழுதி வச்சிருக்கா?

அதனால ஏத்துறதுக்கு முன்னாடி ஸ்டாக் (எஸ்டிஏசி) முறைல கேட்டலாக், அதாவது படங்களோட பட்டியல், பண்ணுங்க. பேரு பெருசா இருக்கேன்னு பயப்படாதீங்க, ஒரு படத்துக்கு ஒரு ஜேசான் ஃபைல் (சும்மா ஒரு டெக்ஸ்ட் ஃபைல்), அதுல படத்தோட எல்லைக்கோடு, தேதி, பிக்சல் அளவு, உரிமம், ஃபைல் எங்க இருக்குங்கற லிங்க், அவ்வளவு தான்.

---

வரைபடவாத்தியார் எழுதியது:

மேடம் சொன்னது நூத்துக்கு நூறு. டோபோஷீட்டுக்கு இன்னும் மோசம். பழைய ஷீட்டெல்லாம் எவரெஸ்ட் ஸ்பீராய்டுங்கற பழைய பூமி அளவு, பாலிகோனிக் ப்ரொஜெக்‌ஷன். அதுல இருக்குற அட்சரேகை தீர்க்கரேகையை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84ன்னு (ஜிபிஎஸ் உபயோகிக்கிற அளவு) நினைச்சு மேப்ல இடம் பொருத்துனா நம்ம பக்கம் நூறு, இருநூறு மீட்டர் தள்ளி உக்காரும். ஏரி ரோட்டு மேல நிக்கும், கோயில் குளத்துக்குள்ள நிக்கும். அப்புறம் அதை வச்சு ஒருத்தன் "அப்பவே ஆக்கிரமிப்பு"ன்னு கேஸ் போடுவான்.

எஃப்எம்பியை (நில அளவைப் புலப்படம்) மேல போட்டு பாக்கணும்னும் கட்டாயம் கேப்பாங்க. எஃப்எம்பி ஸ்கெட்ச்ல உலக ஆயத்தொலைவு கிடையாது, கல்லுக்குக் கல் அளவு தான். படத்துல தெரியுற வரப்புக்கு இழுத்து பொருத்திட்டு அதையே சட்டபூர்வ எல்லைன்னு யாரும் எடுத்துக்காம இருக்க, பக்கத்துலயே பெரிய எழுத்துல எழுதி வை.

---

நாடோடி எழுதியது:

காசு விஷயத்துலயும் ஒரு வார்த்தை சொல்லிடுறேன், ஏன்னா ஆபீசருங்க கடைசில "இதுக்கு ஒரு கட்டணம் வைக்கலாமே"ன்னு தான் முடிப்பாங்க. லேண்ட்சாட் அந்த வழில போய் பாத்துச்சு. 1984ல சட்டம் போட்டு தனியார்கிட்ட குடுத்தாங்க, இயோசாட் கம்பெனி, ஒரு சீன் 4000 டாலருக்கு மேல போச்சு. ஆராய்ச்சிக்காரங்க எல்லாம் வேண்டாம்டா சாமின்னு ஒதுங்கிட்டாங்க. 1999ல லேண்ட்சாட் 7 வந்தப்போ 600 டாலருக்கு இறக்குனாங்க. அதுலயும் நல்லா வித்த வருஷத்துலயே நாளைக்கு 53 சீன் தான் போச்சு. 2008ல ஃப்ரீன்னு அறிவிச்சாங்க, சில வருஷத்துல நாளைக்கு 5,700 சீன்னு ஏறிடுச்சு. படம் அதேதான், சாட்டிலைட்டும் அதேதான்.

அந்த இயோசாட்டே நம்ம ஐஆர்எஸ்-1சி படத்தை அங்க வித்துச்சு. 1995ல போன அந்த சாட்டிலைட்டோட 5.8 மீ பான் (கறுப்பு வெள்ளை) படம் தான் 1999ல இக்கோனோஸ் சாட்டிலைட் வர்ற வரைக்கும் சிவிலியன்ல ரொம்ப நுணுக்கமானது. நம்ம படம் அவனுக்கு கிடைச்சுது, நம்ம கல்லூரி பசங்களுக்கு கிடைக்கல, என்னத்த சொல்ல.

டவுன்லோட் செலவு பயமா இருந்தா, எடுக்குறவன் காசு கட்டணும்னு செட் பண்ற வசதி கிளவுட்ல இருக்கு, லேண்ட்சாட் அமேசான்ல அப்படித்தான் கிடக்கு. ஆனா உங்க அளவுக்கு அது வேணாம், ஒரு தாலுகா ஆபீஸ் கிரெடிட் கார்டு வச்சிக்கிட்டு எங்க போகும்.

---

ஏரிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இடையில எழுத நேரமே கிடைக்கல. நடந்ததை சொல்றேன்.

லிஸ்-4 மட்டும் முதல்ல எடுத்துக்கிட்டோம், சிஓஜியா மாத்தி டேட்டா சென்டர்ல வச்சோம். எங்க ஆபீஸ்ல இருந்து திறந்தா படமே வரல, வட்டம் மட்டும் சுத்துது. வீட்டுல இருந்து திறந்தா ஜம்முனு வருது. என்னடான்னு பாண்டி தனிமடல்ல சொன்ன மாதிரி பிரவுசர்ல நெட்வொர்க் டேப்பை திறந்து பாத்தேன். வீட்டுல சர்வர் 206ன்னு பதில் குடுக்குது, அதாவது கேட்ட பகுதி மட்டும். ஆபீஸ்ல 200ன்னு வருது, அதாவது மொத்த ஃபைலையும் அனுப்ப ஆரம்பிக்குது. நடுவுல இருக்குற ப்ராக்ஸி (ஆபீஸ் நெட்டோட வாசல் சர்வர்), எந்த பைட் வேணும்னு கேக்குற "ரேஞ்ச்"ங்கற வரியை வெட்டி எறியுது. நெட்வொர்க் பாக்குற தம்பி கிட்ட சொல்லி அந்த ஒரு முகவரிக்கு மட்டும் விதிவிலக்கு போட வச்சோம், அதுக்கு ஒரு கடிதம், ஒரு நினைவூட்டல் கடிதம், ஒரு டீ.

இப்ப வேலை செய்யுது. ஆட்டோகேட் ஆளுங்களுக்கு வாத்தியார் சொன்ன மாதிரி மேப்சர்வர் போட்டு டபிள்யூஎம்எஸ் லிங்க் குடுத்துட்டேன். கேட்டலாக்ல தேதி நிரப்புறது தான் கழுத்தறுப்பு. லிஸ்-4க்கு கூட வந்த மெட்டா ஃபைல்ல இருந்தது, தப்பிச்சேன். ட்ரோனுக்கு ஃபோட்டோக்களோட எக்ஸிஃப்ல (கேமரா ஃபைலுக்குள்ளயே எழுதி வைக்கிற விவரம்) இருந்து எடுத்தேன், சில கிராமத்துக்கு மூல ஃபோட்டோவே இல்ல, ஆர்த்தோ மட்டும் தான் இருக்கு, அதுக்கு பில் போட்ட தேதியை வச்சு "இதுக்கு முன்"னு எழுதி வச்சிருக்கேன். தாமரை மேடம், இப்படி போடலாமா?

---

தாமரைக்குளம் எழுதியது:

தாராளமா. ஸ்டாக்ல ஒரே தேதிக்கு பதிலா ஆரம்பம், முடிவுன்னு ரெண்டு தேதி குடுக்க இடம் இருக்கு. வேலை உத்தரவு தேதி ஆரம்பம், பில் தேதி முடிவு. தெரியாததுக்கு ஜனவரி 1ன்னு மட்டும் போட்டுடாதீங்க, நிறைய அரசு டேட்டால பாதி படம் ஜனவரி 1லயே எடுத்ததா இருக்கும்.

---

கோப்புக்காரன் எழுதியது:

உரிமம்னு ஒரு கட்டம் இருக்கும், காலியா விடாதீங்க. நாலு வகைக்கும் நாலு வரி எழுதி ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கி ஃபைல்ல வைங்க. உங்க காண்ட்ராக்ட் முடிஞ்சு நீங்க கிளம்புன பிறகு அடுத்து வர்றவன் அதை வச்சு தான் பிழைக்கணும்.

---

குளத்துமீன் எழுதியது:

புதுசா சேந்தேன், இழையை முழுசா படிச்சேன். ஏரிக்கரை அண்ணே, அந்த லிஸ்-4 லிங்க்கை க்யூஜிஐஎஸ்ல போட்டா எல்லாம் ஒரே இருட்டா தெரியுதே, ஃபைல் கெட்டுப் போச்சா?

---

ஏரிக்கரை எழுதியது:

கெடல தம்பி. லிஸ்-4 10 பிட் டேட்டா, 16 பிட் ஃபைல்ல உக்காந்திருக்கு, உன் க்யூஜிஐஎஸ் செட்டிங் 65535 வரைக்கும் நீட்டிப் பாக்குது போல. லேயர் ப்ராப்பர்ட்டீஸ்ல சிம்பாலஜிக்கு போ, மின் மேக்ஸை கியூமுலேட்டிவ் கவுண்ட் கட்டுக்கு மாத்து, 2–98. பேண்ட் வரிசை சிவப்புக்கு என்ஐஆர் (அகச்சிவப்பு), பச்சைக்கு ரெட், நீலத்துக்கு கிரீன். தண்ணி கருநீலமா வந்துச்சுன்னா சரி. இந்த கலர் செட்டிங்கை வச்சு எஸ்எல்டி ஃபைல் ஒண்ணு பண்ணி ராத்திரிக்குள்ள லிங்க் பக்கத்துலயே போட்டு விடுறேன்.